ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை: புது போர்டு வாங்கும் முன் 15 நிமிடம் பொறுங்கள்

கேள்வி: சார், வணக்கம். கரூரில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் போட்டோஷாப்பைத் தாங்கவில்லை என்று, வீடியோ பார்த்து நானே ஒன்றை அசெம்பிள் செய்தேன். ரைசன் 7 7700, பி650 மதர்போர்டு, ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு, 650 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பவர் சப்ளை). ரேம் ஒவ்வொன்றும் 16 ஜிபி டி.டி.ஆர்.5. ஒரு பெட்டியில் இரண்டு வீதம் இரண்டு பெட்டி வாங்கி நான்கு ஸ்லாட்டிலும் போட்டிருக்கிறேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்று, தானாக ஆன் ஆகிறது. ரேம் பக்கத்தில் மஞ்சள் லைட் ஒன்று எரிகிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். முதல் நாள் இருபது தடவையாவது அப்படிச் செய்தபின் ஒரே ஒரு முறை பயாஸ் திரை (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) வந்தது. வீடியோவில் சொன்னபடி, ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போவை அதில் ஆன் செய்து சேவ் செய்தேன். அதன்பிறகு ஐந்து நாளாகத் திரையே வரவில்லை. கடையில் காட்டினேன். ஆன் செய்து ஒரு நிமிடம் பார்த்தார்கள். "நீங்களே மாட்டியதால் பிராசஸர் சாக்கெட்டில் பின் வளைந்து போர்டு போய்விட்டது, வாரண்டி வராது, புது போர்டு வாங்குங்கள்" என்கிறார்கள். என் கொழுந்தனார் எஸ்.எம்.பி.எஸ்.தான் கோளாறு என்கிறார். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் வேறு அடிக்கிறது. தை முகூர்த்த ஆர்டர் நான்கு அப்படியே நிற்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம். முதலில் ஒன்று: போர்டு வாங்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்காதீர்கள். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மாலைப்பொழுதும்தான்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, ஒரே ஒரு முறை பயாஸ் திரை வந்தது என்பது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் சாட்சி. பயாஸ் திரை வர வேண்டுமானால் பிராசஸர் வேலை செய்ய வேண்டும், அதை போர்டு அடையாளம் காண வேண்டும், குறைந்தது ஒரு ரேமாவது படிக்கப்பட வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். சரியான மின்சாரம் தர வேண்டும், படம் மானிட்டர் வரைக்கும் போக வேண்டும். இத்தனையும் அன்று நடந்திருக்கிறது. அதன்பிறகு நீங்கள் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்று, எக்ஸ்போ. அப்படியிருக்க, கழற்றிக்கூடப் பார்க்காமல் பின் வளைந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

நடந்தது என்ன என்று என் கணிப்பைச் சொல்கிறேன். டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புது மெஷினை முதன்முதலாக ஆன் செய்தால், படம் காட்டும் முன்பு பிராசஸர் ரேமோடு ஒரு வேலை செய்யும். மெமரி ட்ரெய்னிங் என்று அதற்குப் பெயர். கச்சேரி தொடங்கும் முன் வயலினும் மிருதங்கமும் தம்புராவோடு சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். 6000 வேகம் என்று ரேம் பெட்டியில் போட்டிருக்கிறார்களே, ஒவ்வொரு டேட்டா கம்பியிலும் நொடிக்கு 600 கோடி முறை தகவல் போகிறது என்று அதற்குப் பொருள். அதில் ஒரு துளித் தகவலுக்குக் கிடைக்கும் நேரத்தில் வெளிச்சமே 5 சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே ஒவ்வொரு கம்பியிலும் எந்தக் கணத்தில் படித்தால் சரியாக வரும் என்று பிராசஸர் சோதித்துச் சோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வேலை முடிகிறவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். ரேம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நடுவில் மெஷின் தானாக நின்று மறுபடி ஓடுவதும் உண்டு. இரண்டு ரேம் இருந்தாலே சில நிமிடம் ஆகலாம், நான்கு என்றால் இன்னும் கூடும். நீங்களோ ஒன்றரை நிமிடத்தில் அணைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் பாதிச் சுருதியில் வித்வான்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்ன கதையாகிவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. இதை அந்த வீடியோ சொல்லியிருக்க வேண்டும், போர்டை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

இதே வகைப் பிராசஸர் சாக்கெட்டோடு எனக்கு வந்த முதல் மெஷினில் நானும் ஒரு மதியம் முழுக்கப் போராடியிருக்கிறேன். ரேமைக் கழற்றி மாட்டி, கார்டைக் கழற்றி மாட்டி, ஒன்றும் நடக்கவில்லை. அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் பயாஸ் நின்றுகொண்டிருந்தது. இருபது வருடமாக 'நோ டிஸ்பிளே' பார்த்துப் பழகிய கைக்கு, முப்பது விநாடிக்குள் படம் வராவிட்டால் கோளாறு என்றே தோன்றும். டி.டி.ஆர்.4 வரை அந்தப் பழக்கம் செல்லுபடியானது. உங்கள் கடைக்காரரும் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது எக்ஸ்போ. ரேம் பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் அதன் இயல்பான வேகம் அல்ல, ஓவர்கிளாக் வேகம், அதாவது இயல்பைத் தாண்டி இழுத்த வேகம். எக்ஸ்போவை ஆன் செய்தால் ரேம் அந்த வேகத்தில்தான் ஓடப் பார்க்கும். உங்கள் ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதி தரும் வேகம் இரண்டு ரேம் போட்டால் 5200. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் 3600தான். நான்கு ரேமையும் 6000-க்கு இழுக்கச் சொன்னால் பெரும்பாலான மெஷின்கள் சுருதி சேராமல் திணறும். இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு ரேமைத்தான் கம்பெனி ஒன்றாகச் சோதித்து அனுப்புகிறது. அதே மாடலில் இரண்டாவது பெட்டி வாங்கினாலும், உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம். பெட்டி இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் நான்கும் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதை மட்டும் விடாதீர்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். 7700-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, சோதனைக்கு அது போதும். மானிட்டர் கேபிளை போர்டில் இருக்கும் எச்.டி.எம்.ஐ.யில் செருகுங்கள். (கடைசியில் எஃப் என்று முடியும் 7500எஃப் போன்ற பிராசஸரில் இந்த வசதி கிடையாது. வேறு யாருக்காவது இதைச் சொல்வதாக இருந்தால் மறந்துவிடாதீர்கள்.) மானிட்டரின் மெனுவில் போய் இன்புட் எச்.டி.எம்.ஐ. என்று கையாலேயே தேர்ந்தெடுத்து வையுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் என்று விட்டால், சில மானிட்டர்கள் தூங்கிப்போய் வந்த படத்தையும் காட்டாமல் விடும்.

பிறகு பயாஸ் நினைவை அழிக்க வேண்டும், எக்ஸ்போவை மறக்கடிக்க. போர்டின் ஓரத்தில் க்ளியர் சிமாஸ் என்ற பொருளில் ஏதாவது எழுதி இரண்டு பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்த இடம் என்பது போர்டு புத்தகத்தில் படத்தோடு இருக்கும். பவர் கார்டு வெளியே இருக்கும்போதே அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துப் பத்து விநாடி வைத்திருங்கள். பின் அகப்படாவிட்டால், காசு மாதிரி வட்டமாக இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பெரும்பாலும் அது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

நான்கு ரேமையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட், ஏ2 என்று எழுதியிருக்கும். முதல் ஸ்லாட்டில் போடுவதுதானே முறை என்று தோன்றும், இந்த போர்டுகளில் அப்படி இல்லை. டி.டி.ஆர்.5 ரேம் உட்கார நல்ல அழுத்தம் வேண்டும். புது போர்டு வளைகிறதே என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறோம். கொக்கி 'டிக்' என்று விழுகிறவரை இரண்டு முனையையும் அழுத்துங்கள். பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும். மறுபக்கம் சரியாக இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கையோடு, போர்டின் இடது மேல் மூலையில் பிராசஸருக்கான 8 பின் கேபிள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது 4+4 என்று நடுவில் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 என்று பிரியும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே கம்பி வரிசை தலைகீழ். பலவந்தமாக மாற்றிச் செருகினால் கெட்டுவிடும். உங்கள் மெஷினில் ஒருமுறை படம் வந்துவிட்டதால் இது சரியாகத்தான் இருக்கும், லூசாக இல்லை என்று உறுதி செய்தால் போதும்.

இனி ஆன் செய்யுங்கள். செய்துவிட்டு, போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்து அந்த அறையைவிட்டே போய்விடுங்கள். உலை வையுங்கள், துணி மடியுங்கள். நின்று நின்று ஆன் ஆனாலும் தொடாதீர்கள். ஒரே ரேம் என்பதால் மிகச் சீக்கிரமே படம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனாலும் முழு 15 நிமிடம் கொடுங்கள்.

படம் வந்துவிட்டால் உங்கள் போர்டு நிரபராதி. எக்ஸ்போ பக்கம் போகாமல், பயாஸ் எந்தத் தேதியுடையது என்று குறித்துக்கொண்டு, போர்டு கம்பெனியின் தளத்தில் புதியது இருக்கிறதா என்று பாருங்கள். இதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. 2023-ல் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள், குறிப்பாக 7800எக்ஸ்3டி, சாக்கெட்டிலேயே கருகின. எக்ஸ்போ போடும்போது சில போர்டுகள் பிராசஸரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் கொடுத்தது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பிறகுதான் அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி கட்டுப்படுத்தும் பயாஸ்கள் வந்தன. நான்கு ரேமைச் சமாளிக்கும் திறமையும் புது பயாஸ்களில் கூடியிருக்கிறது. பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, உங்கள் போர்டின் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அதற்கான ஃபைலைப் போட்டு, பயாஸ் திரையிலிருந்தே அப்டேட் செய்யலாம். அந்தப் பத்து நிமிடம் கரண்ட் போகக் கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்சை யு.பி.எஸ். மோடில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்த இமைப்பொழுதையே எஸ்.எம்.பி.எஸ். தாங்காமல் அணைந்துவிடலாம். அப்டேட் முடிந்தபின் மறுபடி ட்ரெய்னிங் நடக்கும், மறுபடி காத்திருக்க வேண்டும்.

அப்புறம் அதே பெட்டியில் வந்த இரண்டாவது ரேமை பி2-வில், அதாவது நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். காத்திருங்கள். படம் வந்தபின் அணைத்து, கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, மானிட்டர் கேபிளை இந்த முறை கார்டில் செருகுங்கள். இந்த நிலையில் மெஷின் 32 ஜிபியோடு ஓடும். நின்றுபோன நான்கு ஆர்டரையும் இதிலேயே முடித்துவிடலாம்.

மீதி இரண்டு ரேமை என்ன செய்வது? கடையில் மாற்றிக் கொடுப்பார்கள் என்றால், நான்கையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி இரண்டு இருக்கும் ஒரே பெட்டியை வாங்குங்கள். 64 ஜிபியும் கிடைக்கும், இரண்டே ரேம் என்பதால் எக்ஸ்போவும் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. மாற்ற மறுத்தால் நான்கையும் போட்டு எக்ஸ்போ இல்லாமல், போர்டு தானாக எடுக்கும் வேகத்திலேயே ஓட்டுங்கள். 3600 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோமே என்று நினைக்க வேண்டாம். நாற்பது ஷீட் ஆல்பத்தைத் திறந்துவைத்து வேலை செய்யும் உங்களுக்கு ரேமின் அளவுதான் முக்கியம். இடம் போதாமல் போட்டோஷாப் டிஸ்க்கில் எழுதத் தொடங்கினால் வரும் தாமதத்தோடு ஒப்பிட்டால், வேகம் குறைவதால் வருவது மிகச் சிறியது. காலையில் ஆன் செய்யும்போது முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் திரை கறுப்பாக இருந்தால் பயப்படாதீர்கள்.

ஒரு ரேம் போட்டு 15 நிமிடம் காத்திருந்தும் படம் வராவிட்டால்? அந்த ரேமை எடுத்துவிட்டு, நான்கில் அடுத்ததைப் போடுங்கள். இப்படி நான்கையும் ஒவ்வொன்றாக. போர்டில் சிறு எழுத்தில் சிபியு, டிராம் (ரேமுக்கானது), விஜிஏ, பூட் என்று நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் கடைசியாக நிற்கிறது என்று பாருங்கள். நான்கு ரேமிலும் டிராம் விளக்கே நின்றால், அப்போதுதான் பிராசஸர் சாக்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலரைக் கழற்றி, பிராசஸரை எடுத்து, சாக்கெட்டில் இருக்கும் 1718 பின்களையும் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோலப் புள்ளி மாதிரி வரிசை பிசகாமல் மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் வேறு பக்கம் மின்னினால் அதுதான் வளைந்த பின். படம் எடுங்கள், விரலால் தொடாதீர்கள். கூலரின் ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் முழுக்க முறுக்கியிருந்தாலும் பிராசஸர் சாய்ந்து ஒரு பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் தெரியாமல் போகும். திரும்ப மாட்டும்போது எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

உங்கள் கொழுந்தனார் எஸ்.எம்.பி.எஸ். என்று சந்தேகப்பட்டதில் தவறில்லை. பாதி வீடுகளில் அதுதான் குற்றவாளி. ஆனால் அதன் அடையாளம் வேறு. எஸ்.எம்.பி.எஸ். செத்திருந்தால் ஃபேனே அசையாது. எங்காவது ஷார்ட் இருந்தால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி ஒரு விநாடிக்குள் அணைந்துவிடும், பவர் கார்டைப் பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி அசையும். உங்களுடையது ஒரு நிமிடத்துக்கு மேல் விளக்கோடு ஓடுகிறது. யாராவது சோதிக்கலாம் என்று வேறு எஸ்.எம்.பி.எஸ். கொண்டுவந்தால், அதோடு வந்த கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றி மாட்டும் கேபிள்களில் எஸ்.எம்.பி.எஸ். பக்க வரிசைக்கு எந்தப் பொது விதியும் இல்லை. பழைய கேபிளைப் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகி, ஆன் செய்த நொடியில் எஸ்.எஸ்.டி.யும் ஹார்டு டிஸ்க்கும் போன மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கேபினெட்டில் ஷாக் அடிப்பதை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். டிஸ்பிளே வராததற்கு அது காரணம் இல்லை. ஆனால் நீங்கள் உடனே சரிசெய்ய வேண்டியது அதைத்தான். உங்கள் பிளக் பாயின்டில் எர்த் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் மெல்லிய மின்சாரத்தைக் கேபினெட் உடலுக்கு விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரலைத் தேடும். வெறும் கசிவாக இருக்கும்வரை சுருக்கென்று குத்துவதோடு நிற்கும். உள்ளே உண்மையான கோளாறு வரும் நாளில் எர்த் இல்லாத கேபினெட் உயிருக்கே ஆபத்து. அதோடு, எர்த் இல்லாத நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகிப் பிடுங்கினால் கார்டின் போர்ட்டும் மானிட்டரின் போர்ட்டும் கெடலாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை மெஷின் ஓடும்போது கேபினெட்டைத் தொட வேண்டாம். எந்தக் கேபிளைச் செருகுவதானாலும் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

வாரண்டி பற்றி. நீங்களே மாட்டினீர்கள் என்பதற்காக வாரண்டி போய்விடாது. பெட்டியில் தனித்தனியாக விற்கப்படும் பாகங்கள் மாட்டுவதற்காகத்தான் விற்கப்படுகின்றன. பின் வளைந்திருப்பது போன்ற சேதம் இருந்தால் மறுக்கலாம், ஆனால் அதைக் காட்டிவிட்டு மறுக்க வேண்டும். சாக்கெட் படத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு போர்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரை நேரடியாக அணுகலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதுவரை போகத் தேவைப்படாது என்றே நம்புகிறேன்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் அவசரத்தில் ஆல்பம் வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள். சுருதி அரைகுறையாகச் சேர்ந்த ரேம், படம் காட்டும், விண்டோஸ் ஏறும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். நடுநடுவே ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்து, அந்தத் தப்பையே டிஸ்க்கில் எழுதிவிடும். நீங்கள் சேவ் செய்த முகூர்த்தப் படத்தில் பாதி சாம்பலாகத் திறக்கும் நாளில்தான் அது தெரியவரும். தாலி கட்டும் தருணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் போட்டு, ரேம் எண்ணிக்கையையோ வேகத்தையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். நான்கு சுற்று ஓடும், 64 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் வேகத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு ரேமுக்கே திரும்புங்கள். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்வரை போட்டோகிராபர்கள் கொடுத்த மெமரி கார்டுகளை அழிக்க வேண்டாம் என்று அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.